கத்தி ஒப்படைப்பு என்றால் என்ன? மலையகத் தோட்டங்களுக்கு அது எவ்வளவு தூரம் உதவும்?

இந்தத் திகதிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் கத்தி வைத்திருந்ததற்காக வழக்கு இல்லை, பெயர் ஊர் கேட்கப்போவதும் இல்லை என்று பொலிஸ் பகிரங்கமாக வாக்குக் கொடுப்பதுதான் கத்தி ஒப்படைப்புத் திட்டம். பொதுமன்னிப்புக் காலம் என்பது நமக்குப் பழக்கமானதுதான். படையை விட்டு ஓடியவர்கள் இன்ன நாளுக்குள் வந்து சட்டப்படி விலகிக்கொள்ளலாம் என்று நம் நாட்டில் எத்தனையோ தடவை அறிவித்திருக்கிறார்கள். அதே ஏற்பாட்டைக் கத்திக்குச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை அதிகமாகச் செய்து பார்த்த நாடு பிரித்தானியா. அங்கே பொலிஸ் நிலைய வாசலிலும் தேவாலயங்களிலும் கனமான இரும்புப் பெட்டிகளை வைப்பார்கள். நம் கோயில் உண்டியல் மாதிரிதான் இருக்கும்: உள்ளே போடலாம், கைவிட்டு எடுக்க முடியாது. கொண்டுவருகிறவர் அலகைத் தடித்த மட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, பையில் போட்டு, வழியில் எங்கும் தங்காமல் வீட்டிலிருந்து நேரே வர வேண்டும். சேர்ந்த கத்திகளைப் பொலிஸ் எடுத்துச் சென்று அழித்துவிடும். இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் உள்ள ஓர் இரும்புவேலைக் கூடம், அப்படிச் சேர்ந்த ஏறத்தாழ 100,000 கத்திகளைக் கொண்டு 27 அடி உயரமான தேவதைச் சிலை ஒன்றைச் செய்து ஊர் ஊராக அனுப்பியது.

மன்னிப்பு எதற்கு என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும்தான் மன்னிப்பு. அந்தக் கத்தியால் ஏற்கெனவே யாரையாவது வெட்டியிருந்தால் அந்த வழக்கு அப்படியே நிற்கும். பெட்டியில் போட்டுவிட்டோம், எல்லாம் கழுவிப் போய்விட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பெட்டி நிறைந்தது, பிறகு?

2006ஆம் ஆண்டு மே 24 முதல் ஜூன் 30 வரை இங்கிலாந்தும் வேல்ஸும் நாடு முழுக்க இதைச் செய்தன. ஏறத்தாழ 90,000 கத்திகள் வந்து சேர்ந்தன. லண்டன் பெருநகரப் பொலிஸ் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. கத்தி சம்பந்தப்பட்ட குற்றங்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன. சில வாரங்களுக்குள் பழைய இடத்துக்கே ஏறிவிட்டன.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிகம் யோசிக்கத் தேவையில்லை. கத்தியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அடுப்படியில் இன்னொரு கத்தி இருக்கிறது. 2005இல் பிரித்தானிய அவசர சிகிச்சை மருத்துவர்கள் சிலர், தொழில்முறைச் சமையல்காரர்களிடமே விசாரித்துவிட்டு, நீண்ட கூர்முனையுள்ள சமையல் கத்தி எவருக்கும் அவசியமில்லை, அதன் விற்பனையைக் கட்டுப்படுத்துங்கள் என்று மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். தங்களிடம் வரும் காயங்களில் சமையலறைக் கத்தி செய்தவை எத்தனை என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதியது அது. இந்தத் திட்டங்கள் மீது எப்போதும் எழும் இன்னொரு குறையும் உண்டு. அலுமாரிக்கு மேல் கிடந்த பழைய வாளைத் தொலைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க நினைக்கும் பெரியவர்தான் பெட்டிக்கு வருவார். இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் பையன் வர மாட்டான்.

அப்படியென்றால் வீண் வேலையா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதன் பயன் இரும்பின் எடையில் இல்லை. தம்பி வைத்திருக்கிறான் என்று தெரிந்தும் என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் அக்காவுக்கு, பொலிஸில் மாட்டிவிடாமல் அதை வீட்டைவிட்டு அகற்ற ஒரு வழி கிடைக்கிறது. கூட்டாளிகளுக்கு முன்னால் பின்வாங்க வெட்கப்படும் பையனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாட்டு கிடைக்கிறது: “அம்மா எடுத்துக் கோயில் பெட்டியில போட்டுடுச்சுடா.” இந்த இரண்டுக்காகவும் அந்தப் பெட்டி வேண்டும். அதைத் தாண்டி அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நம் நாட்டில் நடந்தது

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு, மே மாத ஆரம்பத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி இலங்கைப் பொலிஸ் கேட்டுக்கொண்டது. அன்றாட வேலைக்குப் பாவிக்கும் கத்திகளுக்கு விலக்கு உண்டு என்றும் அறிவித்தது. அந்த விலக்கு முக்கியமான விஷயம், அதற்குத் திரும்ப வருவேன். ஆனால் அது நாடே நடுங்கிக்கொண்டிருந்த வாரத்தில், சோதனை நடவடிக்கைகளுக்கு நடுவே விடுக்கப்பட்ட அழைப்பு. இளைஞர்களுக்கிடையிலான சண்டையைக் குறைப்பது அதன் நோக்கம் இல்லை. நாம் பேசும் திட்டத்துக்கு அதை முன்மாதிரியாக எடுக்க முடியாது.

கத்தி இல்லாத லயம் (தோட்டத்து வரிசை வீடு) உண்டா?

லண்டன் தெருவில் ஒரு பையன் கத்தியோடு நடந்தால், தகுந்த காரணம் காட்டாவிட்டால் அதுவே குற்றம். சிறிய மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. பொகவந்தலாவையிலோ லுணுகலையிலோ காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் ஆள்கணக்குக்கு) பிறகு தோளில் கத்தியைச் சாய்த்துக்கொண்டு மலைக்கு ஏறும் மனிதரைப் பார்த்து யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது அவருடைய சோறு.

தேயிலைச் செடியின் கிளைகளைத் தறிக்கும் கவ்வாத்துக் கத்தியைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளமாக, முனை வளைந்து, ஒரே வீச்சில் விரல் தடிப்புக் கிளையைப் பிளவில்லாமல் அறுக்கும்படி தீட்டியிருப்பார்கள். வெட்டு பிளந்தால் கிளைக்குள் ஈரம் இறங்கி அழுகல் பிடிக்கும், அதனால் கூர் மழுங்க விடவே மாட்டார்கள். கவ்வாத்துத் தொடங்கும் நாளில் கத்திகளை வரிசையாக வைத்துச் சாமி கும்பிட்ட பிறகே முதல் செடியில் கை வைக்கும் வழக்கம் மலையகத்தில் இருந்து வந்திருக்கிறது. கவ்வாத்துச் சாமி என்றே தனியாக ஒரு சாமி உண்டு. சரஸ்வதி பூசையன்று கத்தி, மம்மட்டி, முள்ளு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிற வீடுகள் எத்தனையோ. பற்றை வெட்ட, விறகு பிளக்க, மாட்டுக்குப் புல் அறுக்க, காட்டுப்பன்றி வரும் மரக்கறித் தோட்டத்தில் காவல் இருக்க எல்லாவற்றுக்கும் கத்திதான்.

ஆகவே “கத்தியைக் கொடுங்கள்” என்று தோட்டத்தில் பொதுவாகக் கேட்டால் ஊரே சிரிக்கும், அல்லது ஊரே பயப்படும். 2019இன் விலக்கு போல, எது தொழில் ஆயுதம், எது சண்டைக்கென்று வைத்திருப்பது என்ற பிரிப்பை முதலில் செய்ய வேண்டும். வாள், குத்துவாள், சண்டைக்கென்று தீட்டிய இரும்புக் கம்பி, தைப்பொங்கலுக்கும் தேருக்கும் மட்டும் பையில் ஏறும் மடக்குக் கத்தி, மலைக்கு வேலைக்கே போகாத பையனின் மெத்தைக்கடியில் இருக்கும் மன்னாக் கத்தி. இவைதான் பெட்டிக்கு வர வேண்டியவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1977, 1981, 1983 வன்செயல்களில் லயங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கதவு மூலையில் ஒரு கத்தி இருக்கட்டும் என்று நினைக்கும் தாத்தாவின் பயம் வேறு வகை. பொலிஸில் போய்த் தமிழில் ஒரு முறைப்பாட்டைச் சொல்லி, அது சிங்களத்தில் எழுதப்பட, வாசிக்க முடியாத கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு வந்த அனுபவம் பலருக்கு உண்டு. அப்படிப்பட்டவரிடம் “பெயர் கேட்க மாட்டோம்” என்ற வாக்கை யார் சொல்கிறார்கள், எந்த மொழியில் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு சண்டை வளரும் விதம்

கத்தி எடுக்கும் இளைஞர்களிடம் ஏன் என்று கேட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பதில், என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்பது. ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே தோட்டத்தின் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கட். கடைசி ஓவரில் ரன் அவுட்டா இல்லையா என்று வாக்குவாதம், ஒருவன் மற்றவனின் தாயை இழுத்துப் பேசிவிடுகிறான். பெரியவர்கள் பிரித்துவிட, அன்றைக்கு அதோடு முடிகிறது. இரவு அந்த வீடியோ யாரோ போட்ட பாட்டோடு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. திங்கள் முழுக்க அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஓர் அறை விழுகிறது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் தேர். “அவனுங்க சும்மா வரமாட்டானுங்க மச்சான், பாத்துக்க” என்று ஒரு கூட்டாளி சொல்கிறான். பையன் அடுப்படிக்குள் போய், வெங்காயம் வெட்டும் கத்தியைப் பேப்பரில் சுற்றி இடுப்பில் செருகுகிறான்.

அவன் யாரையும் குத்தப் போகவில்லை. பயந்துபோய் எடுத்துக்கொண்டு போகிறான். எதிர்ப்பக்கத்திலும் ஒருவன் அதே பயத்தில் அதையே செய்திருக்கிறான். இரவு, தப்பு மேளச் சத்தம், கொஞ்சம் கசிப்பு, ஒரு தள்ளுமுள்ளு. அதற்குமேல் எதுவும் தேவையில்லை. கத்தி இல்லாதிருந்தால் உடைந்த மூக்கோடு முடிந்திருக்கும். வெறும் கையால் அடித்துக்கொண்ட சிறு காயம் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டக்கோவையின் 315, 317ஆம் பிரிவுகள் வரும், உயிர் போனால் 296. ஒரு பையன் மண்ணுக்குள், இன்னொரு பையன் சிறைக்குள், இரண்டு லயங்கள் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல்.

இந்தக் கதையில் ஞாயிறுக்கும் வெள்ளிக்கும் நடுவே எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். வீடியோவைப் பார்த்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள், உசுப்பேற்றிய கூட்டாளி, கத்தியைக் காணோம் என்று தேடிய அம்மா. தடுப்பதற்கான இடம் அந்த ஐந்து நாட்களில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் பலன் தந்த திட்டங்கள் எல்லாம் இந்த இடைவெளிக்குள் நுழைந்தவைதான்.

கிளாஸ்கோ என்ன செய்தது

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்று பெயர் எடுத்திருந்தது. 2005 ஜனவரியில் அங்குள்ள பொலிஸ், வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தது. முன்னின்றவர்கள் கரின் மக்கிளஸ்கி, ஜோன் கார்னொக்கன் என்ற இருவர். வன்முறையைச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும், எங்கிருந்து பரவுகிறது, யாரைப் பிடிக்கிறது, எந்தக் கட்டத்தில் வெட்டலாம் என்று தேட வேண்டும் என்பது அவர்கள் எடுத்த நிலை.

2008 ஒக்டோபரில் அவர்கள் செய்த ஒரு காரியம் என் மனதை விட்டுப் போகவில்லை. கும்பல்களில் இருந்த இளைஞர்களைக் கைது செய்யாமல், அழைப்பின் பேரில் நீதிமன்றத்துக்கே வரவைத்தார்கள். முதலில் பொலிஸ் பேசியது: நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும், இனி ஒருவன் தவறு செய்தாலும் முழுக் கூட்டத்தையும் தேடி வருவோம். பிறகு காயங்களைத் தைக்கும் மருத்துவர் பேசினார். பிறகு ஒரு தாய், தன் மகனுக்கு நடந்ததைச் சொன்னார். கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்கள். விலக நினைத்தால் அழையுங்கள், படிப்பு, வேலை, போதையிலிருந்து மீள உதவி, எதுவென்றாலும் ஆள் இருக்கிறது. மிரட்டலும் கைநீட்டலும் ஒரே அறையில், ஒரே நாளில். இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் பையன்கள் காதில் போட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

2015 அளவில் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் ஆட்களை நிறுத்தினார்கள். வெட்டுக் காயத்தோடு ஒரு பையன் கட்டிலில் கிடக்கும் இரவில், வெளியே அவனுடைய கூட்டாளிகள் பழிவாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கும் அதே இரவில், பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவதுதான் அவர்களுடைய வேலை. 2004–05இல் ஸ்கொட்லாந்தில் 130க்கும் மேற்பட்டோர் கொலையுண்டார்கள், பத்து வருடத்தில் அந்தத் தொகை பாதிக்குக் கீழே வந்தது. இதே காலத்தில் கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையும் கூட்டப்பட்டது, ஆகவே முழுப் புகழையும் ஒரே திட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது.

வேல்ஸின் கார்டிஃப் நகரத்திலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஜொனதன் ஷெப்பர்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தன்னிடம் வரும் தாக்குதல் காயங்களில் பல பொலிஸின் காதுக்கே போவதில்லை என்பதைக் கண்டார். பெயரை விட்டுவிட்டு எந்த இடம், எந்த நேரம், எந்த ஆயுதம் என்பதை மட்டும் ஆஸ்பத்திரியிலேயே பதிந்து நகரசபைக்கும் பொலிசுக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். நம் தோட்ட மருந்தகத்துக்கும் டிக்கோயா, நுவரெலியா, பதுளை ஆஸ்பத்திரிகளுக்கும் வரும் வெட்டுக் காயங்களை அப்படிப் பதிந்தால், எந்தத் திருவிழா, எந்தச் சந்தி, எந்தச் சம்பள நாள் என்று ஒரு வருடத்திலேயே தெரிந்துவிடும்.

நம் தோட்டத்தில் செய்வதென்றால்

முதலாவது, பொலிஸின் எழுத்து மூல வாக்கு. மன்னிப்புக் கொடுக்கும் அதிகாரம் கோயில் கமிட்டிக்கோ தோட்டத் தலைவருக்கோ இல்லை. அந்தக் கடிதம் இல்லாமல் யாரும் ஆயுதம் சேர்க்கவே கூடாது, சேர்த்து வைத்தவர்தான் மாட்டிக்கொள்வார். தொடங்கும் திகதி, முடியும் திகதி, எதற்கு மன்னிப்பு, எதற்கு இல்லை என்பதெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கையெழுத்தோடு பிள்ளைக் காம்பராவிலும் (பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம்) கொழுந்து மடுவத்திலும் (கொழுந்து நிறுக்கும் இடம்) ஒட்டப்பட வேண்டும்.

பெட்டியைப் பொலிஸ் வாசலில் வைத்தால் தோட்டத்துப் பையன் வர மாட்டான். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பன்சலை, எது எல்லோருக்கும் பொதுவானதோ அங்கே வைக்கலாம். கமரா இல்லாத மூலையாக இருக்கட்டும். திறக்கும்போது நாலு பேர் சாட்சியாக நிற்க வேண்டும். ஒருவரைக் குத்திய அடுத்த வாரம் இதற்கு உகந்த நேரமில்லை, எல்லோருடைய கையும் அப்போது கத்தியை இறுக்கித்தான் பிடிக்கும். திருவிழாக் காலத்துக்கு ஒரு மாதம் முன்பு நல்லது.

ஆனால் பணத்தையும் நேரத்தையும் அதிகமாகச் செலவழிக்க வேண்டியது ஆட்களில். 2000ஆம் ஆண்டு சிக்காகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் ஆரம்பித்த முறையில், சண்டைக்காரப் பையன்கள் மதிக்கும் உள்ளூர் ஆட்களைப் பயிற்றி, பழிவாங்கல் கிளம்பும் முன்பே இடையில் விடுகிறார்கள். நம்மிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? விளையாட்டுக் கழகத்தில் முன்பு அடிதடிக்குப் பேர்போய், இப்போது ஆட்டோ ஓட்டிப் பிள்ளை வளர்க்கும் அண்ணன் எல்லாத் தோட்டத்திலும் ஒருவராவது இருப்பார். புதன்கிழமை அறை விழுந்த அன்று மாலையே இரண்டு டிவிசனுக்கும் போய் “தம்பி, வீடியோவ அழி, நான் பேசிக்கிறேன்” என்று சொல்ல அவரால்தான் முடியும். அவருக்கு ஒரு சிறு கொடுப்பனவு, பயிற்சி, பொலிஸ் அவரை ஒற்றனாகப் பாவிக்காது என்ற உறுதி, இவை வேண்டும். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, கொழும்புக் கடை வேலைக்குப் போய், அதுவும் சரிவராமல் திரும்பி வந்து லயத்தில் உட்கார்ந்திருக்கும் பையனைத் தொழிற்பயிற்சிக்கு எழுதிக் கையோடு கூட்டிப்போக ஓர் ஆளும் வேண்டும். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வருவது உதவி ஆகாது.

வீட்டில் கத்தியைக் கண்டெடுத்தால்

தலையணைக்குக் கீழே கத்தியைப் பார்த்த அம்மாவுக்கு முதலில் வருவது அழுகை, அப்பாவுக்கு அடி. இரண்டுமே அவனை வாய் மூடச் செய்யும். “எதுக்குடா இது?” என்று கேட்டால் “சும்மா” என்பான். “யாருக்கு ராசா பயப்படுற?” என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் கதை வெளியே வரும். அவன் வெளியே போகாமல் இருக்கும் நேரத்தில், அவன் மதிக்கும் மாமாவோ ஆசிரியரோ பக்கத்தில் இருக்க, அன்றைக்கே கத்தியை எடுத்துவிடுங்கள். ஒப்படைப்புக் காலம் இல்லையென்றால் வேலைக் கத்தி போகும் இடத்துக்குப் போகட்டும். வேலைக்குப் பயன்படாததைக் கிராம சேவகரிடமோ சட்டத்தரணியிடமோ கேட்டு வழி செய்யுங்கள். ஆற்றில், கானில் வீச வேண்டாம், இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகும். பிள்ளை 18 வயதுக்குக் கீழ், மிரட்டப்படுகிறான் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழைக்கலாம். மனம் உடைந்து போயிருந்தால் 1926இல் உளநல ஆலோசனை கிடைக்கும். சண்டை கிளம்பிவிட்டது என்று தெரிந்தால் 119.

குத்து விழுந்துவிட்டால்: குத்திய கத்தி உடம்பில் நிற்கிறதென்றால் பிடுங்காதீர்கள், அது இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். சுற்றிலும் துணியை வைத்து அசையாமல் பிடியுங்கள். கத்தி இல்லாத காயமென்றால் சுத்தமான துணியை வைத்து இரண்டு கையாலும் பலமாக அழுத்துங்கள், துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கோப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் போட வேண்டாம், குடிக்கவும் கொடுக்க வேண்டாம். 1990 சுவசரிய அம்புலன்ஸ் இலவசம், தோட்டத்துக்குள்ளும் வரும். பிரதான பாதைச் சந்தியில் ஒருவர் டோர்ச் லைட்டோடு நின்று வழி காட்டினால் நேரம் மிச்சமாகும்.